கடல்வெங்காயமும் வயலெலியும்



சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம் என நாம் பயிரிடும் வெங்காய வகைகளைப் பற்றிப் பலமுறை படித்திருப்பீர்கள். இப்பிரசுரத்திற் கூறப்படுவது நீங்கள் பயிரிடாததும் பயிரிட வேண்டாததுமாகிய ஒரு வெங்காயம். அது மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த மலைச்சாரல்களில் தானாக வளரும் கடல்வெங்காயம் என்னும் காட்டுப் பூண்டாகும். கடல் கடந்த நாட்டுப் பூண்டைப் பற்றி நெற்செய்கைக்காரருக்கு என்ன கவலை என நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு. கமக்காரர் கூட்டங்களில், “நரிவெங்காயத்தை இடித்துச் சோற்றோடு பிசைந்து வரம்பில் வைத்தால் எலி செத்துப்போகுமாமே, தம்பி, அது மெய்தானா?” என்று முதியோர் வினவுவதுண்டு. இப்பேச்சு வெறுங் கட்டுக்கதையன்று. இதற்குள் ஓர் உண்மை இருக்கின்றது. ஆனால் அவ்வுண்மை வேறொரு நாட்டுக்கும் வேறொரு பூண்டுக்கும் உரியது. அரையுண்மையை நம்பி வயலிலோ வீட்டிலோ நஞ்சு வைப்போர் எலியைக் கொல்லாது வேறு உயிருக்கு இடையூறு விளைத்துவிடுதல் கூடும். ஆதலால் அதனை முழுமையாக விளக்குதல் கடமையாகின்றது.

பூண்டின் இயல்பு

கடல்வெங்காயம் போர்த்துக்கல், ஸ்பெயின், மொறொக்கோ, அல்ஜீரியா, சிசிலித் தீவு, கிரேக்கம், கிரீற்றுத் தீவு, லெபனான், பாலஸ்தீனம், இஸ்ரேல் முதலிய இடங்களிற் காணப்படுகின்றது. கடலை அடுத்து மலைத்தொடர்கள் எழும் நாடுகள் இவை. கல்லும் மணலும் கலந்த சரிவுகளே இதற்கு உகந்தவை. கார்மேல் மலைத்தொடர் கடலோரத்திலேயே எழுவது; அங்கும் இப்பூண்டு நிறைய உண்டு. தாவர நூலார் இதனை டிரிமியா மாரிட்டிமா என வழங்குவர். 1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் இதற்கு சில்லா மாரிட்டிமா எனப் பெயரிட்டார். பின்னர் ஊர்ஜினியா எனவும் மாற்றினர். பெயர் பலவாயினும் பூண்டு ஒன்றே. தோற்றத்தில் வெங்காயம் போன்றிருப்பினும் இது நம் வெங்காயத்தின் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. சாத்தாவாரியின் குடும்பத்தைச் சேர்ந்தது.

இதன் குமிழ் மிகப் பெரிது. உரித்த தேங்காயளவு பருத்து, ஒரு கிலோகிராமுக்கு மேல் நிறையுள்ள குமிழ்கள் சாதாரணமாகக் கிடைக்கும். அதன் மேற்பாதி பெரும்பாலும் மண்ணுக்கு வெளியே தெரிந்துகொண்டிருக்கும். இலைகள் அகன்றும் நீண்டும் கரும்பச்சையாய்க் கொத்தாக எழும். ஆனால் வியப்புக்குரியது இதன் பருவ ஒழுங்கேயாகும்.

அந்நாடுகளில் மழை குளிர்காலத்திற் பெய்யும். கோடையில் துளி மழையுமில்லை. நம் உலர்வலயத்துக் கமக்காரருக்கு இது புதிதன்று. நமக்கும் ஐப்பசி முதல் தை வரையே பெருமழை, பின்னர் நீண்ட வறட்சி. மழைக்காலத்திற் கடல்வெங்காயத்தின் இலைகள் தழைத்துச் சூரிய ஒளியில் உணவைத் தேடிக் குமிழிற் சேர்த்து வைக்கின்றன. கோடை தொடங்கும்போது இலைகள் யாவும் பழுத்து, உலர்ந்து, மறைந்துவிடும். அக்காலத்தில் அச்சரிவிற் செல்பவர் வெறுந் தரையையும் உலர்ந்த குமிழையுமே காண்பர். பின்னர் ஆவணி, புரட்டாதியளவில், மண் எலும்பாய்க் காய்ந்திருக்கும் வேளையில், ஓரிலையேனும் இல்லாத அக்குமிழிலிருந்து மூன்று முதல் ஐந்தடி உயரமான தண்டொன்று எழும். அத்தண்டு முழுவதும் வெண்ணிறப் பூக்கள் கீழிருந்து மேலாக நாளுக்குச் சிலவாக மலரும். ஒரு துணரில் நூற்றுக்கணக்கான பூக்கள் இருத்தலுமுண்டு. வேறு பூக்கள் அரிதாகிய பருவமாதலால் தேனீக்கள் இவற்றை நாடி வருகின்றன. அந்நாட்டு மக்கள் இப்பூவைக் கண்டதும் மழைக்காலம் அண்மித்துவிட்டது என அறிந்துகொள்வர்.

மழையுமின்றி, இலையுமின்றி இத்துணை பெரிய தண்டும் பூவும் எங்கிருந்து வந்தன? சென்ற மழைக்காலத்தில் இலைகள் ஈட்டிக் குமிழில் வைத்த சேமிப்பிலிருந்தே வந்தன. குமிழென்பது கிழங்கன்று, தடித்த இலையடிகள் ஒன்றையொன்று மூடி அமைந்த களஞ்சியமாகும். கிரேக்க நாட்டில் புதுவருடப் பிறப்பன்று இக்குமிழைப் பிடுங்கி வந்து வீட்டில் தொங்கவிடும் வழக்கம் இன்றும் உண்டு. மண்ணுமின்றி நீருமின்றித் தொங்கும் அக்குமிழ் தன்பாட்டில் துளிர்விடும். வீட்டில் வளமும் அவ்வாறே குன்றாதிருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

வெங்காயச் செய்கைக்காரர் இவ்விடத்திற் சற்று நிற்றல் நன்று. உங்கள் வெங்காயமும் இதே முறையிலேயே சேமிக்கின்றது. தாள் பச்சையாய் இருக்கும்வரை உணவு இலையிலிருந்து குமிழுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். விலை ஏறியதெனக் கேள்விப்பட்டவுடன் தாள் சாயுமுன்னரே பிடுங்கினால், இறங்க வேண்டிய உணவு இறங்காது போகும். குமிழின் கழுத்தும் மூடாது. மூடாத கழுத்தின் வழியே பூசணமும் பற்றீரியாவும் புகுந்து பட்டியில் தொங்கும் வெங்காயம் அழுகும். பாதிக்கு மேற்பட்ட தாள்கள் தாமாகச் சாய்ந்த பின்னரே பிடுங்க வேண்டும். அதற்குச் சில நாட்களுக்கு முன்னரே நீர் பாய்ச்சுவதை நிறுத்தி, பிடுங்கிய பின் கழுத்துக் காய்ந்து சுருங்கும்வரை நிழலில் உலர்த்திப் பிடிகட்டித் தொங்கவிடுதல் முறையாகும். கடல்வெங்காயத்தை எவரும் அவசரப்படுத்துவதில்லை. ஆதலால் அது அழுகுவதுமில்லை.

ஆடு தீண்டாத பூண்டு

மத்தியதரை நாடுகளின் மலைச்சாரல்களிற் பன்னெடுங் காலமாக ஆடுகள் மேய்ந்து வருகின்றன. மேய்ச்சல் மிகுந்த சரிவுகளில் நல்ல புற்கள் அற்றுப்போக, கடல்வெங்காயம் மாத்திரம் பெருகி நிற்கும். அது நஞ்சென்பதை ஆடு அறியும். நம் நாட்டுத் தரவைகளில் எருக்கலை பெருகியிருப்பதைக் கண்டால் அங்கே கால்நடை அளவுக்கு மிஞ்சி மேய்ந்துள்ளதெனக் கொள்வோமல்லவா? அதுபோன்றதே இதுவும்.

தீண்டப்படாமையே இதற்கு வேறொரு பயனைத் தந்தது. பாலஸ்தீனக் கமக்காரர் தங்கள் நிலத்தின் எல்லையில் இக்குமிழை வரிசையாக நடுவர். ஆடும் மாடும் தின்னா, கோடையில் வாடாது, உழுபடை பட்டாலும் எளிதில் அழியாது, வெண்பூத் தண்டு தொலைவிலிருந்தே எல்லையைக் காட்டும். யூதரின் தல்மூத் என்னும் பழைய நூலும், யோசுவா நிலத்தைப் பங்கிட்டபோது இப்பூண்டினால் எல்லை குறித்தார் எனக் கூறுகின்றது. இரவில் கதியால் நகரும் ஊர்களில் வாழ்வோருக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். ஆழ வேரூன்றிய ஒரு பெருங்குமிழை ஓரிரவிற் சத்தமின்றிக் கிண்டி அயலான் காணிக்குள் அரையடி தள்ளி வைப்பது இலேசான காரியமன்று.

மருந்தாகவும் இது பழைமையுடையது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த தியோஸ்கோரிடீஸ் என்னும் கிரேக்க மருத்துவர் இதனைப் பக்குவப்படுத்தும் முறையை எழுதிவைத்தார். காடியிலும் தேனிலும் ஊறவைத்துச் சளிக்கும் நீர்க்கோவைக்கும் வழங்கினர். இந்தியாவின் கரையோர மணற்பாங்கிலும் மலைச்சாரலிலும் வளரும் நரிவெங்காயம் இதன் இனத்தைச் சேர்ந்ததாகையால், ஐரோப்பியச் சரக்குக்குப் பதிலாக அதுவும் மருந்து நூல்களில் இடம்பெற்றது. இவ்வினத்துப் பூண்டு நம் தீவிலும் உண்டு. ஆனால் மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே மிகச் சிறிய இடைவெளியே உள்ளது. கைதேர்ந்த வைத்தியர் பலரும் அஞ்சிக் கையாண்ட சரக்கு இது என்பதை மனத்திற் கொள்ளுங்கள்.

எலிப்பாஷாணமான வரலாறு

கடல்வெங்காயத்தில் இரு வகையுண்டு. ஒன்றின் குமிழ் வெள்ளை. மற்றதன் குமிழ் சிவப்பு. வெளித்தோற்றத்தில் பெரும் வேறுபாடில்லை. மருந்துக்கு வெள்ளை வகையையும், எலியைக் கொல்வதற்குச் சிவப்பு வகையையும் மக்கள் பல நூற்றாண்டுகளாகத் தெரிந்தெடுத்து வந்தனர். சிவப்புக் குமிழைச் சீவி, உலர்த்தி, தூளாக்கி, ஒரு பங்கு தூளுக்கு ஒன்பது பங்கு இறைச்சியோ மீனோ மாவோ சேர்த்து வைப்பது வழக்கம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இத்தூள் அமெரிக்காவுக்கும் ஐரோப்பிய நகரங்களுக்கும் பெருமளவில் ஏற்றுமதியாயிற்று. இரண்டாம் உலகப் போர் மத்தியதரைக் கடற் போக்குவரத்தைக் குலைத்தபோது சரக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. சிவப்புக் குமிழில் எலியைக் கொல்லும் பொருளை 1942இல் ஸ்டோல், ரென்ஸ் என்னும் சுவிற்சர்லாந்து ஆய்வாளர் பிரித்தெடுத்தனர். அதன் பெயர் சில்லிரோசைட்.

இந்நஞ்சுக்கு ஒரு தனிச் சிறப்புக் கூறப்பட்டது. நாய், பூனை, பன்றி, மனிதர் ஆகியோர் இதனை உண்டால் உடனே வாந்தியெடுப்பர்; நஞ்சின் பெரும்பகுதி வெளியேறிவிடும். எலிக்கோ வாந்தியெடுக்கும் ஆற்றலே இல்லை. அதன் உடலமைப்பும் மூளையமைப்பும் அவ்வாறானவை. விழுங்கியது விழுங்கியதுதான். ஆதலால் எலியை மாத்திரம் கொல்லும் நஞ்சு என இதனை விற்பனை செய்தனர். பெண்ணெலி ஆணெலியைவிட இரு மடங்கு எளிதில் இதற்குப் பலியாகும் என்பதும் கண்டறியப்பட்டது.

இவை யாவும் உண்மையே. ஆயினும் குறைகளும் சிறியவை அல்ல. முதலாவதாக, குமிழுக்குக் குமிழ் நஞ்சின் அளவு வேறுபட்டது. கடும் வெப்பத்தில் உலர்த்தினால் வீரியம் குன்றியது. வாங்குபவனுக்குத் தன் கையிலுள்ள தூள் கொல்லுமா கொல்லாதா என்பது தெரியாது. இரண்டாவதாக, கசப்பு மிக்கதாகையால் எலி சிறிது தின்று நிறுத்திவிடும். இறவாது நோயுற்றுத் தப்பிய எலி அவ்விரையை மறுபடி தொடாது. மூன்றாவதாக, நகரங்களில் வாழும் பழுப்பு நிறப் பேரெலியை இது நன்கு கொன்றதேயன்றி, கூரையில் வாழும் கறுப்பெலியையும் சுண்டெலியையும் ஒழிப்பதில் நம்பத்தக்கதாக இருக்கவில்லை. நம் கூரையில் ஓடுவது பெரும்பாலும் அக்கறுப்பெலியே. நம் வயல் வரம்பைத் துளைப்பவையோ பெருச்சாளி இனத்தவை; பழுப்பெலிக்குப் பொருந்தியது இவற்றுக்கும் பொருந்துமெனக் கொள்ள இடமில்லை.

இறுதியாக, இந்நஞ்சுண்ட எலி நெடுநேரம் வலிப்பினாலும் வாதத்தினாலும் துடித்தே சாகும். இக்கொடுமையைக் கருதி 1963இல் பிரித்தானியாவில் சிவப்புக் கடல்வெங்காயத்தை எலிகொல்லியாகப் பயன்படுத்துதல் சட்டத்தினால் தடுக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1948இல் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்பரின் என்னும் மருந்து எலிகொல்லியாக வெளிவந்து இதன் இடத்தைப் பிடித்திருந்தது. வார்பரினையும் எலி விட்டுவைக்கவில்லை. பத்தாண்டு கழிந்து, 1958இல், அதனைத் தாங்கிப் பிழைக்கும் எலிகள் ஸ்கொற்லாந்தில் தோன்றின. நஞ்சொன்றையே நம்பி எலியை வென்ற நாடு இதுவரை இல்லை எனலாம்.

நரிவெங்காயத்தை ஏன் வைக்கலாகாது

இனி, நம்மூர்ப் பேச்சுக்கு வருவோம். மேற்கூறிய வரலாற்றைக் கேட்டவர்கள், “அப்படியாயின் நம் நரிவெங்காயமும் அந்த இனந்தானே, அதுவும் கொல்லுந்தானே?” என எண்ணுதல் இயல்பு. இங்கேதான் ஆபத்து இருக்கின்றது.

எலிகொல்லியாக விற்பனையானது மத்தியதரை நாட்டுச் சிவப்பு வகையே. வெள்ளை வகைகூட அன்று. நரிவெங்காயத்தில் இருப்பது பெரும்பாலும் இதயத்தைத் தாக்கும் நஞ்சாகும். நம் வேலிகளிலும் வளவுகளிலும் நிற்கும் மஞ்சள் அலரியின் விதையிலுள்ள நஞ்சும் இதே வகையைச் சேர்ந்தது. அலரி விதை செய்யும் கேட்டை நம் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வகை நஞ்சு எவ்வாறு வேலை செய்கின்றது? இதயத் தசையின் ஒவ்வொரு கலத்திலும் சோடியம் என்னும் உப்புச் சத்தை இடைவிடாது வெளியே இறைக்கும் ஓர் அமைப்பு உண்டு. வயலில் மிகுந்த நீரை வெளியே இறைக்கும் இயந்திரத்தை இதற்கு உவமை சொல்லலாம். நஞ்சு அவ்வியந்திரத்தின் மேற் சென்று ஒட்டி அதனை நிறுத்திவிடும். கலத்தினுள் சோடியமும் அதனைத் தொடர்ந்து கல்சியமும் மிகும். இரத்தத்திற் பொற்றாசியம் உயரும். நாடி தளர்ந்து, ஒழுங்கு தவறி, இறுதியில் இதயம் நின்றுவிடும்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். எலியின் இதயத்திலும் இவ்வமைப்பு உண்டு. ஆனால் அதன் வடிவம் சற்று வேறுபட்டதாகையால் நஞ்சு அதிற் சரியாக ஒட்டுவதில்லை. மனிதனைக் கொல்லும் அளவினும் பன்மடங்கு கூடிய இதய நஞ்சை எலி தாங்கிக்கொள்ளும். சிவப்புக் கடல்வெங்காயத்தின் சில்லிரோசைட் எலியின் நரம்புகளைத் தாக்கி வலிப்பை உண்டாக்குவதனாலேயே அதனைக் கொன்றது. அப்பொருளை நம்பிச் செய்தவர்களின் அனுபவத்தை, அப்பொருள் அவ்வாறு அமையாத வேறொரு குமிழுக்கு ஏற்றிச் சொல்வதே நம்மூர்ப் பேச்சின் பிழை. நரிவெங்காயத்தையோ அலரி விதையையோ அரைத்துச் சோற்றில் வைத்தால் எலி தப்பிவிடக்கூடும். அச்சோற்றை எடுத்துத் தின்னும் குழந்தை தப்புவது அரிது. “வாந்தியெடுத்தால் நஞ்சு போய்விடும்” என்பதையும் நம்பியிருக்கலாகாது. வாந்தி வருமுன் உட்சென்ற சிறு அளவே போதுமானது.

மேலும், இக்குமிழ்களைச் சீவும்போதே தீங்கு தொடங்கும். இவற்றின் சாற்றில் ஊசி போன்ற நுண்பளிங்குகள் உண்டு. கரணைக்கிழங்கைச் சீவுவோர் கையில் ஏற்படும் அரிப்பை நீங்கள் அறிவீர்கள். அதே வகைப் பளிங்குகளே இங்கும். கண்ணிற் பட்டால் அரிப்போடு நில்லாது.

எவரேனும் தவறுதலாகக் காட்டுக் குமிழையோ அலரி விதையையோ உண்டுவிட்டால், உப்புநீர் கொடுத்தும் தொண்டையில் விரல் விட்டும் வாந்தியெடுப்பிக்க முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். உண்ட பொருளின் துண்டொன்றையும் எடுத்துக்கொண்டு உடனே அரசினர் ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள். 1990 என்னும் இலக்கத்திற்குத் தொலைபேசியில் அழைத்தால் அம்புலன்ஸ் வண்டி கட்டணமின்றி வரும். ஆள் தெளிவாகப் பேசுகின்றாரே எனத் தாமதித்தல் கூடாது. இதயத்தின் நிலை பல மணி நேரம் கழித்தும் திடீரெனக் கெடலாம்; ஆகையால் வைத்தியர் போகச் சொல்லும்வரை அங்கேயே இருத்தல் வேண்டும்.

அப்படியாயின் எலிக்கு என்ன வழி

எலியை ஒழிப்பதற்கு முதலில் அதன் காலத்தை அறிய வேண்டும். வயலெலி ஆண்டு முழுவதும் ஒரே வேகத்திற் பெருகுவதில்லை. நெற்பயிர் குடலைப் பருவத்தை அடையும்போதே பெருக்கம் மிகும். சத்துள்ள உணவு கிடைப்பதே காரணம். கருவுற்ற எலி ஏறக்குறைய மூன்று வாரத்திற் குட்டியீனும். கதிர் முற்றும் நேரத்திற் குட்டிகளும் தின்னத் தொடங்கிவிடும். ஆகவே விதைப்புக்கு முன்னரும் பயிர் மட்டம் வெடிக்கும் பருவத்திலும் கொல்லப்படும் ஓரெலி, கதிர்ப் பருவத்திற் கொல்லப்படும் பல எலிகளுக்குச் சமமாகும். நம்மவர் பெரும்பாலும் கதிர் விழுந்து கிடப்பதைக் கண்ட பின்னரே தடியெடுக்கின்றனர். அது குதிரை ஓடிய பின் லாயத்தைப் பூட்டும் வேலை.

வரம்பைக் கவனியுங்கள். உயரமும் அகலமும் ஓரடிக்கு மேற்பட்ட வரம்பு எலிக்கு நாம் கட்டிக் கொடுக்கும் வீடாகும். சிறிய வரம்பிற் பொந்து அமைக்க அதற்கு இடமில்லை. வாய்க்கால் ஓரத்திலும் பற்றைகளிலும் புல் வளரவிடாது செதுக்குங்கள். போக ஆரம்பக் கூட்டத்தில் எல்லோரும் ஒருமுகமாக இரண்டு வாரத்துக்குள் விதைப்பதென முடிவு செய்து, முடிவு செய்தபடி விதையுங்கள். ஒருவர் முந்தியும் ஒருவர் பிந்தியும் விதைத்தால் வயல்வெளி முழுவதிலும் எலிக்கு மாதக்கணக்காக விருந்து நடக்கும். முதலில் விதைத்தவர் வயலும் கடைசியில் விதைத்தவர் வயலுமே பெரிதும் அழியும்.

எலி வேட்டையும் தனித்தனியே செய்து பயனில்லை. நீங்கள் உங்கள் வரம்பிற் பொந்தைக் கிண்டினால் அது அயலவர் வரம்பிற் குடியேறும். கமக்காரர் அமைப்பின் மூலம் ஒரு நாளைக் குறித்து, வெளி முழுவதிலும் ஒரே காலத்திற் பொந்துகளைக் கிண்டியும், புகையூட்டியும், நீர் பாய்ச்சியும் பிடித்தல் வேண்டும். பொந்துகளை முதல் நாள் மாலையில் மண்ணினால் அடைத்துவிட்டால், மறுநாட் காலையிற் திறந்திருப்பவையே எலியுள்ள பொந்துகள் என அறிந்து வீண் வேலையைத் தவிர்க்கலாம். வயலின் நடுவே உயரமான தடிகளில் குறுக்குச் சட்டம் கட்டி நாட்டுங்கள். இரவில் ஆந்தை வந்து அமர்ந்து வேட்டையாடும். ஆந்தை அலறினால் அபசகுனம் என்பார் உளர். அது வயலில் அலறுவது எலிக்கே அபசகுனம். சாரைப் பாம்பைக் கண்டவிடத்து அடித்துக் கொல்வதையும் விட்டொழியுங்கள்.

நஞ்சுணவு வைக்கவே வேண்டியேற்படின், 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட்ட எலிகொல்லியை மாத்திரமே, உங்கள் பிரிவு விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையுடன், பொதியிலுள்ள அறிவுறுத்தலின்படி பயன்படுத்துங்கள். கோழி, நாய், பிள்ளைகள் எட்டாதபடி பொந்தினுள் அல்லது மூங்கிற் குழாயினுள் வைத்தல் வேண்டும். எஞ்சிய இரையை வாய்க்காலிற் கொட்டாது புதைத்துவிடுங்கள். வயலைச் சுற்றி மின்கம்பி இழுத்தல் எவ்விதத்திலும் ஆகாது. எலிக்கும் பன்றிக்கும் எனக் கட்டிய கம்பியில், இருளில் நீர் பார்க்க வந்த கமக்காரரே உயிரிழந்த சம்பவங்கள் நம் நாட்டில் உண்டு.

எலியின் கேடு நெல்லோடு முடிவதில்லை. அதன் சிறுநீர் கலந்த சேற்றுநீர், காலிலுள்ள வெடிப்பு, புண் ஆகியவற்றின் வழியே உட்சென்று எலிக்காய்ச்சலை உண்டாக்கும். 2008ஆம் ஆண்டில் இலங்கையில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாகக் கணக்கெடுக்கப்பட்டது. இருநூறு பேர் வரை இறந்தனர். அவர்களுட் பலர் சேற்றில் இறங்கி உழைத்த கமக்காரர். காலிற் புண்ணுள்ளவர் சேற்றில் இறங்குவதைத் தவிர்க்க வேண்டும். இயலாதாயின் புண்ணை நீர் புகாதபடி மூடிக்கட்டுங்கள். பிடித்த எலியை வெறுங் கையால் தொடாது, தடியாலோ மண்வெட்டியாலோ தள்ளி ஆழப் புதைத்துச் சவர்க்காரமிட்டுக் கைகழுவுங்கள். வயல் வேலை தொடங்குமுன் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ விசாரித்தால், நோயைத் தடுக்கும் மாத்திரை யார் யாருக்கு ஏற்றதென்பதைக் கூறி வழங்குவர். வயல் வேலைக்குப் பின் காய்ச்சலோடு கெண்டைக்காற் சதை வலித்தாலோ, கண் சிவந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, அன்றே வைத்தியரிடம் சென்று, “நான் வயலில் இறங்கினேன்” என்பதை முதலிற் சொல்லுங்கள்.